கெல்லீஸ் வரை: சிறார் நீதிக்காக மாணவர்கள் எடுத்துச் செய்யக்கூடிய வேலைகள்

அந்த அம்மா மஞ்சள் பையிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து என் முன்னால் வைத்தார். ரேஷன் கார்டு, ஆதார் நகல், மகனின் தடுப்பூசி அட்டை, மின்கட்டண ரசீது, எதற்கென்றே தெரியாமல் பத்திரப்படுத்திய ஒரு மருந்துச் சீட்டு. "ஸ்டேஷன்ல பத்தொம்பதுன்னு எழுதிட்டாங்க தம்பி. இவன் ஆடியில பொறந்தவன். வர்ற ஆடிக்குத்தான் பதினெட்டு முடியுது" என்றார்.

பையன் மீது செல்போன் பறித்ததாக வழக்கு. கடலோரக் குடியிருப்பு ஒன்றில் வீடு, மீன் விற்கும் குடும்பம். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நான் அப்போது சமூகப்பணி இரண்டாம் ஆண்டு மாணவன். தேவைப்பட்ட ஒரே காகிதம் அந்தப் பையில் இல்லை: அவன் படித்த பள்ளியின் பதிவேட்டிலிருந்து எடுத்த பிறந்த தேதிச் சான்று. அதைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கி, சட்ட உதவி வழக்கறிஞரின் கையில் சேர்த்து, நீதிமன்றத்தில் உத்தரவு பெறுவதற்குள் ஒன்பது நாள் ஓடிவிட்டது. ஒன்பது நாளும் அவன் பெரியவர்களோடு சிறையில் இருந்தான். அதன் பிறகுதான் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்துக்கு மாற்றினார்கள்.

அந்த ஒன்பது நாளை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். சிறாருக்கு நம் நாட்டில் சட்டம் இருக்கிறது. பெரும்பகுதி நல்ல சட்டம். அது சொல்வதற்கும் ஒரு பையனுக்கு நடப்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை நாள் கணக்கில் அளக்க வேண்டும், அது குறையும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மாணவர்களால் செய்ய முடிந்த பெரிய வேலை இதுதான். முழக்கத்துக்கும் இடம் உண்டு. அதற்கு முன்னால் ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும்.

1. முதலில் ஊரைத் தெரிந்துகொள்ளுங்கள்

தென்சென்னையில் நம் பகுதிக்கு ஒரு பெருமை உண்டு. மயிலாப்பூரில் 1905இல் தொடங்கிய ராமகிருஷ்ணா மிஷன் மாணவர் இல்லம் இன்றும் ஏழைப் பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்க வைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930இல் தொடங்கிய அவ்வை இல்லம் அடையாற்றில் வேரூன்றியது. தி. நகரில், காமராஜரின் ஆதரவோடு மஞ்சுபாஷிணி அம்மையார் 1949இல் தொடங்கிய பால மந்திர் இருக்கிறது. மூன்று பேட்டையிலும் ஆதரவற்ற பிள்ளைக்கு யாரோ ஒருவர் கதவைத் திறந்திருக்கிறார்கள்.

பிள்ளை மீது 'கேஸ்' வந்துவிட்டால் கதை வேறு. "பையனைக் கெல்லீஸ்ல போட்டுட்டாங்க" என்று அக்கம்பக்கத்தில் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். புரசைவாக்கத்தை ஒட்டிய கெல்லீஸில்தான் ஆண் சிறார்க்கான அரசுக் கூர்நோக்கு இல்லம் இருக்கிறது. விசாரணை முடியும்வரை சிறாரை வைத்திருக்கும் இடம் அது. விசாரணை முடிந்து, இல்லத்தில் வைக்க உத்தரவானால் செங்கல்பட்டு சிறப்பு இல்லம் போன்ற இடங்களுக்கு அனுப்புவார்கள். பெசன்ட் நகரில் ஏறினால் அடையாறு, மயிலாப்பூர், ஜெமினி வழியாகப் புரசைவாக்கம் தாண்டிப் பெரம்பூர் போகிறது 29சி. நாம் கல்லூரிக்கும் கடற்கரைக்கும் போகிற அதே பேருந்தில்தான், மகனைப் பார்க்க ஒரு அம்மா டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருக்கிறார். சென்னையில் சிறார் நீதி என்ற பாடத்தை அந்தப் பேருந்தில் தொடங்கலாம்.

அந்தப் பிள்ளைகளில் பலர் நம் தெருக்களிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள். அடையாற்றங்கரையிலும் நகரின் பிற கரைகளிலும் இருந்த குடும்பங்களை 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பிறகு பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு அது இன்னும் வேகமெடுத்தது. பள்ளி பாதியில் நின்றது. அப்பாவின் வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப் போனது. சான்றிதழ்கள் வெள்ளத்தோடு போயின. 'புள்ளிங்கோ' என்று ஒரு பட்டம் மட்டும் புதிதாகச் சேர்ந்தது. கலர் அடித்த தலைமுடியைப் பார்த்துச் சிரிக்கும் வீடியோவைப் பகிரும் முன், அந்தப் பையன் எந்தப் பள்ளியிலிருந்து நின்றான், ஏன் நின்றான் என்று கேளுங்கள். சிறார் நீதிக்கான வேலை அந்தக் கேள்வியில் ஆரம்பிக்கிறது.

2. சட்டத்தைக் கடிகாரமாகப் படியுங்கள்

சிறாருக்கென்று தனிச் சட்டம் இயற்றுவதில் இந்தியாவில் முதல் அடி வைத்தது நம் மாகாணம்தான்: 1920ஆம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டம். 1986இல் நாடு முழுமைக்குமான இளைஞர் நீதிச் சட்டம் வந்தது. பின்னர் 2000ஆம் ஆண்டில் வேறொன்று. இப்போது நடப்பில் இருப்பது 2016 ஜனவரி 15 அன்று அமலுக்கு வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டம். பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்ய வேண்டாம். நேரத்தையும் நாளையும் மட்டும் நினைவில் வையுங்கள். பெற்றோர் கேட்பதும் அதைத்தான்.

24 மணி நேரம்: பிடித்த பிள்ளையை, பயண நேரம் நீங்கலாக, ஒரு நாளுக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். எந்த நிலையிலும் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது (பிரிவு 10).

பெயில்: சிறாருக்கு பெயில்தான் விதி, மறுப்பு விதிவிலக்கு. வெளியே விட்டால் குற்றவாளிகளின் சகவாசத்தில் விழுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்றில் ஒன்றுக்கு நியாயமான காரணம் இருந்தால்தான் மறுக்கலாம். அந்தக் காரணத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும் (பிரிவு 12). ஜாமீன்தாரர் இல்லாமலும் விடுவிக்கலாம். இது பல குடும்பங்களுக்குத் தெரிவதில்லை.

15 நாள்: வயதைக் காட்டப் பள்ளிச் சான்றோ, மாநகராட்சி அல்லது ஊராட்சியின் பிறப்புச் சான்றோ இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. அதையும் உத்தரவிட்ட 15 நாளுக்குள் முடிக்க வேண்டும் (பிரிவு 94).

4 மாதம்: குழுமத்தின் முன் முதலில் நிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் விசாரணை முடிய வேண்டும். மேலும் இரண்டு மாதம்வரை நீட்டிக்கலாம். சிறு குற்றம் என்றால், நீட்டித்தும் முடியாத விசாரணை கைவிடப்பட வேண்டும் (பிரிவு 14).

3 ஆண்டு: குழுமம் ஒரு சிறாரைச் சிறப்பு இல்லத்தில் வைக்கக்கூடிய அதிகபட்சக் காலம். அதற்கு முன்னால் அறிவுரை, குழு ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று பல படிகள் இருக்கின்றன (பிரிவு 18).

அதன் பின்: வழக்கு முடிந்த பிறகு அந்தப் பதிவு அவனுடைய படிப்புக்கோ வேலைக்கோ தகுதிக்குறைவாக நிற்கக் கூடாது (பிரிவு 24). பெரியவராக விசாரிக்கப்பட்ட 16 வயதுக்கு மேற்பட்டோர் மட்டும் இதற்கு விலக்கு.

குழுமத்தில் ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மத்திய அரசின் 2016 மாதிரி விதிகள் மேலும் சிலவற்றைச் சொல்கின்றன: குழுமத்தார் உயர்ந்த மேடையில் உட்காரக் கூடாது, சாட்சிக் கூண்டு கூடாது, சிறாருக்குக் கைவிலங்கு கூடாது, அவனைக் கையாளும் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது, எந்த வாக்குமூலத்திலும் அவனைக் கையெழுத்திடச் சொல்லக் கூடாது. இந்த வரிகளைக் கையடக்கமான ஓர் அட்டையில் அச்சிடுங்கள். தேர்தல் நோட்டீஸ் அளவு போதும். ஒரு பக்கம் சட்டம் சொல்வது, மறுபக்கம் இரண்டு எண்கள்: குழந்தைகள் உதவிக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100.

3. முதல் வேலை: வயதுச் சான்று முகாம்

ஒரு பிள்ளை எந்தக் கதவு வழியாக உள்ளே போகிறான் என்பதை அவன் வயது தீர்மானிக்கிறது. பதினேழு என்றால் கெல்லீஸ், பத்தொன்பது என்றால் சிறை. தீர்ப்பு வந்து முடிந்த பிறகும்கூட, குற்றம் நடந்த நாளில் தனக்குப் பதினெட்டு நிரம்பவில்லை என்ற கோரிக்கையை எழுப்பலாம் என்கிறது பிரிவு 9. ஆனால் அதை நிரூபிக்கும் காகிதம் பெரும்பாலும் பீரோவின் அடியிலோ, வெள்ளம் கொண்டுபோன பெட்டியிலோ, பழைய பள்ளியின் அலமாரியிலோ கிடக்கிறது.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டக் குழு ஒன்று இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது:

ஒரு குடியிருப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வீட்டுக்கு மேல் போகாதீர்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் தொண்டு நிறுவனத்தையோ மகளிர் சுய உதவிக் குழுவையோ முன்னால் விடுங்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

வீட்டுக்கு வீடு ஒரே கேள்வி: பத்து முதல் பதினெட்டு வயதுப் பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இருக்கிறதா? போலீஸ், கேஸ் என்ற பேச்சே வேண்டாம். "பிள்ளைங்க சர்டிபிகேட் எல்லாம் இருக்காக்கா?" என்று கேட்டால் போதும். கல்வி உதவித்தொகைக்கும் வங்கிக் கணக்குக்கும் அதே காகிதம்தான் வேண்டும்.

இருப்பதை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேட் செய்து, வீட்டிலேயே கொடுத்துவிடுங்கள். நீங்கள் நகல் வைத்துக்கொள்ளாதீர்கள். பிறர் வீட்டுப் பிள்ளைகளின் விவரங்கள் உங்கள் செல்போனில் இருப்பது நல்லதல்ல.

இல்லாதவர்களுக்கு மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் பிறப்புச் சான்று விண்ணப்பம், பள்ளித் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம். இந்தக் கடிதத்தின் மாதிரியைத் தமிழில் தயாராக வைத்திருங்கள். அம்மா கையெழுத்துப் போட்டால் மட்டும் போதும் என்ற அளவுக்கு அது முழுமையாக இருக்கட்டும்.

பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் பட்டியல் இந்த வேலையில் தானாகவே தெரியவரும். அவர்களைத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வுக்கோ தொழிற்பயிற்சி நிலையத்துக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பது அடுத்த வேலை. கெல்லீஸுக்குப் போகிற வழியை அடைப்பதற்கு அதைவிட நல்ல வேலை இல்லை.

4. இரண்டாம் வேலை: எண்ணிக் கேட்பது

இந்த வேலைக்கு ஒரு முன்னோடி உண்டு. பத்திரிகையாளர் ஷீலா பார்சே, நாட்டின் சிறைகளில் எத்தனை குழந்தைகள் அடைபட்டிருக்கிறார்கள் என்று கேட்டு உச்ச நீதிமன்றம் போனார். 1986இல் அவர் வழக்கில் வந்த உத்தரவுகள் சிறார் நீதியின் அடித்தளங்களில் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்தும் ஒன்று உண்டு. மாமல்லபுரத்து அனாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி 2007இல் தொடங்கிய வழக்கு, 2017 மே மாதத் தீர்ப்பில் நாட்டின் எல்லாக் குழந்தைகள் இல்லங்களையும் பதிவு செய்யவும் சமூகத் தணிக்கை நடத்தவும் வழி செய்தது. எத்தனை பேர் என்ற ஒரு கேள்வி அவ்வளவு தூரம் போகும்.

உங்களிடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் பீஸ் வில்லை ஒட்டி, தனிமனிதராக உங்கள் பெயரில் எழுதுங்கள். சங்கத்தின் பெயரில் எழுதினால் திருப்பி அனுப்ப ஒரு சாக்கு கிடைக்கும். நெடுங்காலம் சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்து, இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை ஆகியிருக்கும் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். பெயர்களைக் கேட்காதீர்கள். எண்களை மட்டும் கேளுங்கள்:

கடந்த 12 மாதத்தில் ஒவ்வொரு மாதமும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த சிறார் எத்தனை பேர்? இல்லத்தின் அனுமதிக்கப்பட்ட கொள்ளளவு என்ன?

நான்கு மாதத்துக்கு மேல், ஆறு மாதத்துக்கு மேல் நிலுவையில் உள்ள விசாரணைகள் எத்தனை? குழுமம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டிய நிலுவை அறிக்கையின் நகல் தருக.

குழுமம் மாதம் ஒருமுறையாவது இல்லத்தை நேரில் ஆய்வு செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 8. கடந்த ஆண்டில் ஆய்வு நடந்த தேதிகள் யாவை?

அனுமதிக்கப்பட்ட நன்னடத்தை அலுவலர் பணியிடங்கள், உளவியல் ஆலோசகர் பணியிடங்கள் எத்தனை? அவற்றில் காலி எத்தனை?

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால், அல்லது வந்த பதில் மழுப்பலாக இருந்தால், அடுத்த 30 நாளுக்குள் அதே துறையில் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். தேதிகளை நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு பதில் வந்ததும் பத்திரிகையாளரிடம் ஓடாதீர்கள். மூன்று காலாண்டு பதில்களை வரிசையாக வைத்தால்தான் போக்கு தெரியும். போக்கைக் காட்டும் மாணவரை அலுவலகம் அலட்சியம் செய்வது கஷ்டம்.

இதோடு சேர்த்துப் படிக்க வேண்டிய ஓர் அறிக்கை இருக்கிறது. செங்கல்பட்டு சிறப்பு இல்லத்துக்கு அனுப்பப்பட்டிருந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் 2022 டிசம்பர் 31 அன்று இறந்தான். ரயில்வே பேட்டரியைத் திருடியதாகப் பிடிக்கப்பட்டவன். அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். அவன் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதக் கூடாது என்று இதே அத்தியாயத்தில் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அந்த மரணத்துக்குப் பிறகு அரசு இல்லங்களைச் சீரமைக்கப் பரிந்துரை கேட்டு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழுவைத் தமிழக அரசு அமைத்தது. 2023இல் அவர் அறிக்கை கொடுத்தார்.

மாணவர்கள் அந்தப் பெயரைக் கவனிக்க வேண்டும். சந்துரு மாணவர் இயக்கத்திலிருந்து வந்தவர். போராட்டத்துக்குத் தலைமை தாங்கியதால் ஒரு கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டு, இன்னொரு கல்லூரியில் பட்டம் முடித்து, பிறகு சட்டம் படித்தவர். வீதியில் கேள்வி கேட்கப் பழகியவர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பூட்டிய இல்லங்களுக்குள் போய் அதே கேள்விகளைக் கேட்டார். உங்கள் வேலை அவர் விட்ட இடத்தில் தொடங்குகிறது. பரிந்துரைகளை ஒரு பட்டியலாக்குங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் 'நடந்தது, நடக்கவில்லை, பதில் வரவில்லை' என்று மூன்று கட்டம் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரப்புங்கள்.

5. மூன்றாம் வேலை: கூட நிற்பது

1960களில் அமெரிக்காவின் அரிசோனாவில் 15 வயதுப் பையன் ஒருவன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனில் ஆபாசமாகப் பேசியதாகப் பிடிபட்டான். அதே குற்றத்தைப் பெரியவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. அவனுக்கு 21 வயதுவரை அடைத்து வைக்க உத்தரவு. பக்கத்தில் வழக்கறிஞர் இல்லை. 1967இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சிறாருக்கும் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. 'அவன் நன்மைக்குத்தானே' என்று சொல்லி நடத்தும் விசாரணையிலும் பிள்ளை தனியாக நிற்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எந்தக் குழந்தைக்கும் இலவச வழக்கறிஞர் உண்டு. இதைக் குடும்பத்துக்குச் சொல்வதும், மனு எழுத உதவுவதும், வாய்தா தேதியில் அந்த அம்மாவோடு கெல்லீஸ்வரை பேருந்தில் போவதும் உங்கள் வேலை. அடையாறு, தரமணிப் பக்கம் சட்டம் படிப்பவர்களும், எழும்பூர் சமூகப்பணிக் கல்லூரியிலும் கதீட்ரல் சாலையிலும் சமூகப்பணி படிப்பவர்களும் இதைக் களப்பணியாகவே கேட்டு வாங்கலாம். துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் இல்லத்துக்குள் போக நினைக்காதீர்கள்.

கூட நிற்பவர்களுக்கு நான்கு விதி:

"நீ செஞ்சியா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அது வழக்கறிஞர் கேட்க வேண்டிய கேள்வி. நீங்கள் கேட்டால் நாளை உங்களையே சாட்சியாக்க முடியும். பையனும் உங்களை இன்னொரு போலீஸாகத்தான் பார்ப்பான். சாப்பிட்டானா, தூங்கினானா என்று கேளுங்கள்.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகாதீர்கள். வழக்கறிஞரோடு போங்கள். குரலை உயர்த்தாமல், "இங்க குழந்தைகள் நல காவல் அலுவலர் யாரு சார்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது பிரிவு 107. நேரத்தையும் பேசியவரின் பதவியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

"வெளியே எடுத்துடலாம்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "கூட வர்றோம்" என்று மட்டும் சொல்லுங்கள், சொன்னால் கட்டாயம் போங்கள்.

வெளியே வந்த பிறகும் மூன்று மாதம் தொடர்பில் இருங்கள். பெயில் கிடைத்த மறுநாள் பள்ளி அவனைச் சேர்க்க மறுக்கும், தெரு முனையில் பழைய கூட்டாளி நிற்பான். கூட இருப்பவரின் அருமை அப்போதுதான் தெரியும்.

6. தெருவில் இறங்கும்போது

2003இல் ராணி மேரிக் கல்லூரிக் கட்டடங்களை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட அரசு முயன்றபோது, மாணவிகள் வளாகத்தை விட்டு அகலாமல் உட்கார்ந்து அந்தத் திட்டத்தையே கைவிடச் செய்தார்கள். மயிலாப்பூர்க் கடற்கரை ஓரத்தில் நடந்த அந்தப் போராட்டம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தது: கோரிக்கை ஒற்றை வரியில் இருந்தால் கூட்டம் கலையாது. உங்கள் கோரிக்கையும் அப்படி இருக்கட்டும். 'ஆறு மாதத்துக்கு மேல் ஒரு விசாரணையும் நிலுவையில் இருக்கக் கூடாது' என்பது ஒரு கோரிக்கை. 'சிறார் நீதி வேண்டும்' என்பது ஆசை.

வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் போன்ற இடங்களில் ஆர்ப்பாட்டம் நடத்தக் காவல்துறை அனுமதி வேண்டும். சென்னை நகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி கூட்டங்களுக்குத் தடை உத்தரவு திரும்பத் திரும்பப் புதுப்பிக்கப்படுகிறது. ஒரு வாரம் முன்பே மனு கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வையுங்கள்.

முதலாண்டு மாணவர்களை நினைவில் வையுங்கள். அவர்களில் பலருக்கு இன்னும் பதினேழுதான். பேருந்து ரூட் சண்டையிலோ ஆர்ப்பாட்டத்திலோ அவர்கள் பிடிபட்டால், இந்தச் சட்டம் பேசும் 'குழந்தை' அவர்களே. பதினெட்டு நிரம்பாதவர்களை முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். ஒவ்வொருவரும் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலின் நகலைப் பையில் வைத்திருக்கட்டும். மீனவக் குடியிருப்புப் பையனுக்கு ஒன்பது நாள் பிடித்த காகிதம் உங்கள் பையிலேயே இருக்கிறது. அந்த வேறுபாட்டை உணர்கிற மாணவர் இந்த வேலையை விடமாட்டார்.

சொற்களும் படங்களும்: 'இளம் குற்றவாளி', 'அக்யூஸ்டு' என்ற சொற்கள் உங்கள் பதாகையில் வரக் கூடாது. 'சட்டத்துடன் முரண்பட்ட சிறார்' என்பதே சட்டம் தரும் சொல். நீளமாக இருந்தால் 'சிறார்' என்று மட்டும் எழுதுங்கள். பெயர், முகவரி, பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டுமே (பிரிவு 74). அனுதாபத்தோடு போடும் பதிவுக்கும் இது பொருந்தும். முகத்தை மங்கலாக்கிவிட்டு, அம்மாவின் முகத்தையும் வீட்டு வாசலையும் காட்டினால் தெரு முழுக்க அவன் யாரென்று தெரிந்துவிடும்.

7. கடினமான கேள்விக்குப் பதில்

கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்பார்: "கொடூரமா ஒண்ணு செஞ்சவனும் சிறுவனா?" தப்பிக்காதீர்கள். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு நாடே இதைக் கேட்டது. அப்போது அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு 2013 ஜனவரியில் தந்த அறிக்கையில் சிறார் வயது வரம்பைக் குறைக்கப் பரிந்துரைக்கவில்லை. ஆனாலும் 2015ஆம் ஆண்டுச் சட்டம், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ குறைந்தபட்சத் தண்டனை உள்ள கொடுங்குற்றங்களில் 16 முதல் 18 வயதுக்குட்பட்டோரை, முதல்நிலை மதிப்பீட்டுக்குப் பின் பெரியவர்போல் விசாரிக்க வழி செய்தது. அப்போதும் தூக்குத் தண்டனையோ, விடுதலைக்கு வாய்ப்பில்லாத ஆயுள் தண்டனையோ கிடையாது.

2023 ஆகஸ்டில் நங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனையும் அவன் தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். வெட்டியவர்களும் சிறார், வெட்டுப்பட்டவர்களும் சிறார். சிறார் நீதி பேசுகிறவர்கள் முதலில் வெட்டுப்பட்ட பிள்ளைகளின் பக்கம் நிற்க வேண்டும். அவர்களின் மருத்துவம், படிப்பு, பாதுகாப்பு எல்லாவற்றையும் கேட்க வேண்டும். இது முதல் கடமை. அதற்குப் பிறகு, பதினேழு வயதுக் கையில் அரிவாளைக் கொடுத்தது எது என்று கேட்க வேண்டும். வகுப்பறையிலும் சாதியைக் காட்டக் கையில் கட்டிய வண்ணக் கயிற்றிலும் அது எத்தனை வருடமாக வளர்ந்தது? கல்வி நிலையங்களில் சாதி வன்முறையைத் தடுப்பது பற்றி 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தவரும் அதே நீதிபதி சந்துருதான். இரண்டு அறிக்கைகளையும் ஒன்றாகப் படியுங்கள். பிள்ளையைத் திருத்த முடியும் என்ற நம்பிக்கை அவன் செய்ததை மன்னிப்பதாகாது. அவனை அப்படி ஆக்கிய பெரியவர்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறது அந்த நம்பிக்கை.

8. ஓராண்டுத் திட்டம்

ஜூன், ஜூலை: பத்துப் பேர் சேருங்கள். அதில் ஒரு சட்ட மாணவர், ஒரு சமூகப்பணி மாணவர், ஒரு குடியிருப்பு இளைஞர் கட்டாயம். சட்ட அட்டையை அச்சிடுங்கள்.

ஆகஸ்ட், செப்டம்பர்: வயதுச் சான்று முகாம். முதல் தகவல் உரிமை மனு.

அக்டோபர், நவம்பர்: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்தோடு சேர்ந்து குடியிருப்பில் ஒரு கூட்டம். நவம்பர் 14 குழந்தைகள் நாளில் பலூனுக்குப் பதில், சேகரித்த எண்களை ஒரே ஒரு தாளில் வெளியிடுங்கள்.

டிசம்பர் 31: செங்கல்பட்டுச் சிறுவனை, பெயர் சொல்லாமல், நினைவுகூருங்கள். பரிந்துரைப் பட்டியலில் மூன்று கட்டங்களையும் அன்று நிரப்புங்கள்.

ஜனவரி முதல் மார்ச்வரை: அடுத்த குழுவிடம் ஒப்படையுங்கள். மாணவர் இயக்கங்களின் பெரிய பலவீனம் இதுதான். மூன்று வருடத்தில் ஒரு பேட்ச் கிளம்பிப் போகும், வேலை அதோடு நின்றுவிடும். தேதிகளும் மனு எண்களும் பதில்களும் ஒரே நோட்டில் இருந்தால் புதிதாக வருபவர் ஒரு மாலையில் படித்துவிட்டு அடுத்த மனுவை எழுதலாம்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவர் மகன் இப்போது படகில் போகிறான், அவனுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அம்மா மஞ்சள் பையை இன்னும் வைத்திருக்கிறார். தெருவில் யார் வீட்டுப் பிள்ளை பள்ளியில் சேர்ந்தாலும், பள்ளியை விட்டு நின்றாலும், அந்த வீட்டு வாசலில் போய் நின்று கேட்கிறார்: "சர்டிபிகேட் ஜெராக்ஸ் எடுத்து வெச்சியாம்மா?" நாங்கள் அந்தத் தெருவில் முகாம் நடத்துவதற்கு முன்பே அவர் அதை ஆரம்பித்துவிட்டார். வேலையை அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டோம்.